கறுப்புப் பெயின்ட் வைத்தியம்

குற்றாலச் சாரலில் நனைந்தால் உடம்புக்கு நல்லது என்பார்கள். இரும்புக்குத்தான் ஆகாது.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை விழும் சாரல், தென்காசிப் பக்கத்துப் பழைய மஹிந்திரா பிக்கப்புகளின் சேஸிஸுக்குள் சத்தமில்லாமல் குடியேறிவிடுகிறது. வடிகால் துளைகளைச் சேறு அடைத்துக்கொள்ள, சேஸிஸ் சட்டம் உள்ளிருந்தே அரித்துப்போகிறது. வெளியிலிருந்து பார்த்தால் வண்டி கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிற்கும்.

8 ஆண்டு தாண்டிய சரக்கு வண்டிக்கு வருடந்தோறும் எஃப்.சி. என்னும் தகுதிச் சான்று எடுத்தாக வேண்டும். அதற்கு முந்தின நாள்தான் சிலருக்குத் துருவின் நினைப்பே வருகிறது. துருவின்மேல் பட்டி, பட்டியின்மேல் ரெட் ஆக்சைடு, அதற்கும் மேல் கறுப்புப் பெயின்ட். அடியில் படுத்துச் சுத்தியலால் தட்டினால் குட்டு வெளிப்படும்: நல்ல இரும்பு ‘டிங்’ என்னும், கெட்டது ‘பொத்’ என்று செதில் செதிலாக முகத்தில் கொட்டும்.

முறையான வைத்தியமும் இருக்கிறது. பேட்டரி வயரைக் கழற்றி, டீசல் டேங்கை இறக்கி, நல்ல இரும்பு தட்டுப்படும்வரை வெட்டி, அதே கனத் தகட்டைச் சாய்வாக வைத்து வெல்டிங் அடித்து, உள்ளே மெழுகு தெளிக்க வேண்டும். சேஸிஸ் எண் பொறித்த இடத்தில் மட்டும் கை வைக்கக் கூடாது. வைத்தால் வண்டி பிழைக்கும், ஆர்.சி. செத்துவிடும்.

இதற்கெல்லாம் வண்டி பல நாள் பட்டறையில் நிற்க வேண்டுமே! சீசன் நேரத்தில் மங்குஸ்தான் லோடை யார் ஏற்றுவது?