அரை வராகன், முழு நஷ்டம்

அமெரிக்கா 1794-ல் முதன்முதலாக அச்சடித்த வெள்ளி டாலர்களில் ஒன்று, 2013 ஜனவரியில் ஏலத்துக்கு வந்து ஒரு கோடி டாலருக்கு மேல் விலை போனது. அந்த வருஷம் அச்சிலிருந்து வெளியே வந்தவையே மொத்தம் 1,758. அதில் இது யார் பையிலும் கிடந்து தேயாமல், பிறந்த மேனி அழகோடு பிழைத்திருக்கிறது. மனைவியிடம் சொன்னேன்.

"இருநூறு வருஷமா யாருமே தேய்க்கலையா?" என்றாள். அந்தக் காசு இருந்த வீட்டுப் பெண்களைப் பற்றி அவளுக்கு ஓர் அபிப்பிராயம் வந்துவிட்டது, குரலிலேயே தெரிந்தது.

நாணயக்காரர்கள் மார்க் போடுவது 70-க்கு. 1949-ல் வில்லியம் ஷெல்டன் என்பவர் அமெரிக்கச் செப்புக் காசுகளுக்காக ஏற்படுத்திய கணக்கு அது. 60-ம் அதற்கு மேலும் வாங்கினால் கைபடாத காசு. 'யூ.என்.சி.' என்பார்கள், ஏதோ மடி ஆசாரம் போல. வெள்ளியின் மேல் தானாகப் படியும் கருநீலத்துக்கும் தனி மதிப்பு உண்டு; துடைத்தால் போச்சு. எங்கள் மயிலாப்பூரிலோ வெள்ளி கறுத்தால் குடும்பத்துக்கே தலைக்குனிவு. அதோடு, நம்மிடம் ஒரு காசு அகப்பட்டால் சும்மா விடமாட்டோம். வளையம் பற்றவைத்துக் கழுத்தில் மாட்டுவோம், ஆரத்தித் தட்டில் போடுவோம், வாசக்கால் வைக்கும்போது அடியில் புதைப்போம். இந்த ஊரில் 70-க்கு 70 வாங்க ஒரு காசு போன ஜன்மத்தில் புண்ணியம் செய்திருக்க வேண்டும்.

டாலர் எனக்குக் கட்டுப்படியாகாது. அதன் பங்காளியைத் தேடினேன். அமெரிக்க டாலர் பிறந்ததே ஸ்பானிய டாலரைப் பார்த்துத்தான். மெக்ஸிகோவிலும் பொட்டோசியிலும் வெட்டிய வெள்ளியில் அடித்த அந்த ஸ்பானிய டாலர் கப்பலேறிச் சென்னைக்கும் வந்தது. 1807-ஐ ஒட்டி, கிழக்கிந்தியக் கம்பெனி அதன் மேலேயே கோபுர முத்திரை குத்தி அரை வராகனாக்கியது உண்டு. சிலவற்றில் ஸ்பெயின் ராஜாவின் எழுத்து கோபுரத்துக்குப் பின்னாலிருந்து மங்கலாக எட்டிப் பார்க்கும். 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன், மூன்றரை ரூபாயும் ஒரு வராகன். இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு கம்பெனி குமாஸ்தாக்கள் எப்படிச் சித்தம் கலங்காமல் இருந்தார்களோ!

ஒரு நாணயக் கண்காட்சியில் அப்படி ஒன்றை வாங்கினேன். விலையை வீட்டில் பாதியாகச் சொன்னேன். அதுவே அதிகம் என்றார்கள்.

எதிர் ஃபிளாட் மாமாவிடம் காட்டினேன். லென்ஸை வாங்கிப் பார்த்தவர், "நம்ம கபாலி கோபுரம்டா!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"மாமா, கபாலி கோயில் ராஜகோபுரம் கட்டினதே 1906-ல. இது அதுக்கு நூறு வருஷம் மூத்தது."

"தீர்க்கதரிசனமா போட்டிருப்பான்."

"பின்பக்கம் பாருங்க, தாமரையிலேருந்து எழுந்து நிக்கறது விஷ்ணு. தமிழ்லயே 'பூவராகன்'னு எழுதியிருக்கு. பேர்லயே வராகர் இருக்காரே."

மாமாவின் முகம் சுருங்கியது. "அப்போ திருவல்லிக்கேணிக்காராளுக்குக் கொடு" என்று லென்ஸைத் திருப்பித் தந்தார். எந்தக் கோபுரம் என்று கம்பெனிக்காரன் எழுதிவைக்கவில்லை. எழுதியிருந்தால் எங்களுக்குள் இரண்டு வாரம் பேச்சு நின்றிருக்காது.

வரலட்சுமி நோன்புக்கு முதல் நாள் அடையாறிலிருந்து அத்தை வந்தார். நான் ஆபீஸிலிருந்து திரும்பியபோது கூடத்தில் குத்துவிளக்கு, பஞ்சபாத்திரம், சந்தனப்பேலா எல்லாம் துணியில் கவிழ்த்து உலர்ந்துகொண்டிருந்தன. நடுவில் அரை வராகன், எவர்சில்வர் தட்டுக்குப் போட்டியாகப் பளபளத்தது.

"ஏண்டா, இப்படியா கறுக்க விடுவே? விபூதி போட்டுத் தேய்ச்சேன், பாரு எப்படி இருக்குன்னு! நாளைக்குக் கலசத்துக்குள்ள போட ஆச்சு."

இருநூறு வருஷத்துக் கருநீலம் கால் மணி நேரத்தில் வாஷ்பேசின் வழியாகப் போயிருந்தது. லென்ஸில் பார்த்தேன். விஷ்ணுவின் மார்பில் முடி முடியாகக் கோடுகள். அத்தையிடம் என்ன சொல்வது? "நல்லா இருக்கு அத்தை" என்றேன்.

நோன்பு முடிந்ததும், மஞ்சளும் குங்குமமும் ஒட்டிய காசை எடுத்துக்கொண்டு தி. நகரில் ஒரு வெள்ளிக் கடைக்குப் போனேன். ஏன் போனேன் என்று எனக்கே தெரியவில்லை. துக்கம் வந்தால் சிலர் கடற்கரைக்குப் போவதில்லையா, அது மாதிரி. கடைக்காரர் தராசில் வைத்து, "21 கிராம். சுத்தமா வெச்சிருக்கீங்க சார். உருக்கிக் கொலுசா எடுத்துக்கறீங்களா?" என்றார்.

திரும்பி வந்து மாடிப்படியில் உட்கார்ந்திருந்தபோது மாமா பேச்சு கொடுத்தார். நடந்ததைச் சொன்னேன். கேட்கக் கேட்க அவர் முகம் மலர்ந்தது.

"விஷ்ணு மேல முழுக்க விபூதியா?"

"ஆமாம் மாமா."

"நான் அன்னிக்கே சொல்லலை? அது கபாலி கோபுரம்தான்!"