சமாளிப்புச் சக்கரவர்த்தி

வந்த கஷ்டத்தை எதிர்த்து நின்று வெல்பவர் வீரர், பொறுத்துக்கொள்பவர் ஞானி, இவ்விரு வர்க்கத்திலும் சேராமல், கஷ்டத்தைத் திண்ணையில் உட்கார வைத்து, வெற்றிலைத் தட்டை அதன் முன் நகர்த்தி, "இதோ வந்துவிட்டேன்" என்று சொல்லிவிட்டுக் கொல்லைப்புறமாக வெளியேறிவிடுகிற மூன்றாவது வர்க்கத்தார் ஒருவர் அநேகமாக ஒவ்வொரு தெருவிலும் வாசம் செய்கிறார். நான் வர்ணிக்கப் புகுந்தவர் தஞ்சை ஜில்லாவில் ஒரு தாலுகா கச்சேரிக் குமாஸ்தா. ஆயினும் அவருடைய அம்சம் பாங்கிகளிலும் பள்ளிக்கூடங்களிலும், ஏன், மடாலயங்களிலுங்கூட விரவியிருப்பதால், பெயரை விட்டுவிட்டுச் சமாளிப்புச் சக்கரவர்த்தி என்று பட்டத்தை மட்டும் சூட்டிவிடுகிறேன்.

ரெவினியூ இலாகாவில் டாட்டன்ஹாம் என்ற ஆங்கிலேயரின் பெயரால் வழங்கும் காரியாலய முறை ஒன்று உண்டு. வந்த தபாலுக்கு நம்பர் கொடுத்து, குமாஸ்தாவின் 'தன் பதிவேட்டில்' ஏற்றி, விசாரணை முடிந்தபின் அந்தக் காகிதக் கட்டு எத்தனை வருஷம் உயிரோடிருக்கலாம் என்று விதிப்பது அதன் கிரமம். 1 வருஷத்தில் அழிக்கத்தக்கது எல். டிஸ்.; 3 வருஷம் என்றால் கே. டிஸ்.; 10 வருஷம் டி. டிஸ்.; நிரந்தரமாகக் காப்பாற்ற வேண்டியது ஆர். டிஸ். இந்த நான்கு வகுப்புகளையும் கச்சேரியோடு நிறுத்திவிடாமல் ஜீவிதம் முழுவதற்கும் விஸ்தரித்ததில்தான் நம் சக்கரவர்த்தியின் மேதாவிலாசம் இருக்கிறது. அவர் பிறரிடம் வாங்கிய கைமாற்று எல். டிஸ்.; பிறர் அவரிடம் வாங்கியது ஆர். டிஸ்.; மனைவியின் முறையீடுகள் கே. டிஸ்.; தமது கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்புக்குக் கார் வராமல் மாட்டுவண்டி வந்த விஷயமோ, ஆர். டிஸ்ஸுக்கும் மேலான, டாட்டன்ஹாமுக்கே தோன்றாத ஒரு வகுப்பைச் சேர்ந்தது.

உத்தியோகத்தில் அவரைச் சோம்பேறி என்று சொல்பவர்கள் அவருடைய பிரயாசையை அறியாதவர்கள். பட்டா மாறுதலுக்கு ஒரு குடியானவன் மனுக் கொடுத்தால், இரண்டு வரிக் குறிப்பில் முடித்துவிடக்கூடிய அந்தக் காரியத்தை அடுத்த மாதத்துக்குத் தள்ளுவதற்காக, சர்வே நம்பரின் உட்பிரிவு தெளிவாக இல்லை என்று கிராமக் கணக்கரான கர்ணத்துக்கு ஒன்றரைப் பக்கம் எழுதுவார். கர்ணம் தெளிவுபடுத்திவிட்டால், சிட்டா நகல் இணைக்கப்படவில்லை என்று கண்டுபிடிப்பார். அதுவும் வந்து சேர்ந்துவிட்டால், மனுதாரரின் தகப்பனார் பெயர் ஓரிடத்தில் முதலெழுத்தோடும் மற்றோரிடத்தில் முதலெழுத்து இல்லாமலும் காணப்படுவதைப் பற்றி மிகுந்த வியாகுலத்தோடு விளக்கம் கோருவார். அந்தக் கடிதங்களின் நடை அழகுக்காகவே அவற்றைப் புத்தகமாக வெளியிடலாம். கிராமக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் ஜமாபந்தி நெருங்கும்போது மாத்திரம் அவருக்கு எழுத ஓடாது. இடுப்பில் ஒரு பிடிப்பு வந்து, ஜூலை 1-ஆம் தேதி புதுப் பசலி வருஷம் பிறந்தவுடன் விலகிவிடும்.

இடுப்புப் பிடிப்புக்காக வைத்தியரிடம் போவதும் உண்டு. வைத்தியர் ஒரு மண்டலம் கஷாயம் கொடுத்து, கத்தரிக்காய் ஆகாது என்று பத்தியமும் விதிப்பார். "கத்தரிக்காய் ஆகாதுன்னாரே தவிர, பிஞ்சைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே" என்று சக்கரவர்த்தி எண்ணெய்க் கறியை இலையில் வாங்கிக்கொள்வார். மறுநாள் வைத்தியருக்கு என்ன பதில் சொல்வது என்ற யோசனையில் அன்றிரவு தூக்கம் கெடும். தூக்கம் கெட்டதற்கு வேறு ஒரு கஷாயம்.

சிநேகிதர்களை அவர் சமாளிக்கும் விதத்தை ஒரு முறை காப்பி கிளப்பில் பக்கத்து மேஜையிலிருந்து பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. கடன் கொடுத்திருந்த பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் தயங்கித் தயங்கி வந்து எதிரே உட்கார்ந்து, "அண்ணே, அந்த இருபத்தஞ்சு ரூபா..." என்று ஆரம்பித்தார்.

"அதை மறப்பேனா தம்பி? நேத்து ராத்திரிகூட உங்க அண்ணிகிட்ட, தம்பி பணத்தைக் குடுத்தாத்தான் எனக்குத் தூக்கமே வரும்னு சொல்லிக்கிட்டிருந்தேன். ஆமா, அப்பாவுக்கு இருமல் எப்படி இருக்கு?"

வாத்தியார் இருமலைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். பேச்சு இருமலிலிருந்து ஆடாதோடைக் கஷாயத்துக்கும், ஆடாதோடையிலிருந்து அது வேலியாக மண்டிக்கிடக்கும் மாமனார் ஊருக்கும், அங்கிருந்து ஊர்ப் பங்காளி வழக்குக்கும் சென்று, அரை மணி நேரத்துக்குப் பின் வாத்தியார் எழுந்தபோது, அவர் கையில் கஷாயம் காய்ச்சும் முறையை எழுதிய துண்டுச் சீட்டு இருந்தது. இரண்டு காப்பிக்கும் காசு கொடுத்தவரும் அவர்தான்.

பணத்தில் அவ்வளவு கருத்தானவர் தம் வீட்டு ஓட்டை மாற்றாதது ஏன் என்று கேட்கலாம். ஐப்பசி பிறந்தால் அவர் வீட்டுக் கூடம் ஒழுகும். "என்னங்க, மழைக்கு முன்னாடி நாலு ஓட்டை மாத்திடக் கூடாதா?" என்று அந்த அம்மாள் புரட்டாசியிலேயே முறையிட்டால், "நாலு ஓடு பெரிய விஷயமா? அந்த அண்டாவை இப்படி நகர்த்திப் போடு" என்பார். அண்டா நிறையும், தவலை வரும், தவலையும் நிறைந்து, பிள்ளைகள் ஆளுக்கொரு செம்போடு முறைவைத்து நிற்கும் கட்டத்தில், கிணற்றில் இறைக்கும் சிரமம் மிச்சமாயிற்று என்று குடும்பத்துக்கு ஆறுதல் சொல்லுவார். காசை மிச்சம் பிடிப்பதிலோ அவர் சிரமம் பார்க்கமாட்டார். 1957-இல் நயா பைசா அமலுக்கு வந்தபோது, நாலணாவுக்கு 25 நயா பைசா என்றும் ஓரணாவுக்கு 6 என்றும் அட்டவணை வந்ததல்லவா? அதைப் படித்த அன்று முதல், நாலணா வெற்றிலை பாக்கை ஒரே தடவையில் வாங்காமல், வெயிலில் நான்கு முறை கடைக்கு நடந்து 24 நயா பைசாவில் முடித்தவர் அவர்.

இத்தனையும் சொன்ன பிறகு மற்றொன்றையும் சொல்லாவிட்டால் பாவம் சேரும். எங்கள் தெருவில் நடந்த கல்யாணம் ஒன்றில், எண்பது பேர் வருவதாகச் சொல்லியிருந்த சம்பந்தி வீட்டார் நூற்று நாற்பது பேராக வந்து இறங்கினார்கள். பரிசாரகர் தலையில் கை வைத்துக்கொண்டார். பெண்ணின் தகப்பனாருக்கு வியர்த்துக் கொட்டியது. சக்கரவர்த்தி மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்தார். நாதஸ்வரக்காரரிடம் போய், "தோடியை எடுங்க, நான் கைகாட்டுற வரைக்கும் கீழே வைக்காதீங்க" என்றார். சபை ஆலாபனையில் சொக்கிக் கிடந்த நேரத்தில் இரண்டு அடுப்பை மூட்டி அரிசியை உலையிலிட்டு, கொல்லையிலிருந்த பூசணிக்காய்களைக் கூட்டில் சேர்த்து, இலைமுனையில் ஒரு கரண்டி விழவேண்டிய பாயசத்தை மும்மூன்று கரண்டியாக முதலிலேயே ஊற்றச் சொல்லி, வந்தவர்களின் பசியில் பாதியைத் தித்திப்பினாலேயே அடக்கிவிட்டார். கடைசிப் பந்தி வரை எதுவும் குறையவில்லை. அன்று அவர் முகத்திலிருந்த தேஜஸைக் கச்சேரியில் ஒரு நாளும் நான் கண்டதில்லை. ஆபத்துக் காலத்தில் மாத்திரமே வேலை செய்யும் புத்தி அது. ஆபத்தோ தினந்தோறும் தானாக வருவதில்லை. ஆகவேதான் நாலு ஓடும், ஒரு பட்டாவும், இருபத்தைந்து ரூபாயும் ஆபத்தாக முற்றும் வரையில் அவற்றை அவர் பொறுமையாக வளர்த்து வருகிறார் என்பது என் அபிப்பிராயம்.

ஆகையால் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: உங்கள் வீட்டில் கல்யாணம் நிச்சயமானால், பத்திரிகை அச்சாவதற்கு முன்பே போய் அவரை அழைத்துவிடுங்கள். பந்தியையும், பரிசாரகரையும், கோபித்துக்கொள்வதற்கென்றே வந்திருக்கும் சம்பந்தியின் சித்தப்பாவையும் தைரியமாக அவர் பொறுப்பில் விடலாம். மொய் நோட்டை மட்டும் வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள்.