கடல் உங்களுடையது, கதவு எங்களுடையது

கலிபோர்னியாவில் கடலை விலைக்கு வாங்க முடியாது. சட்டம் அத்தனை கறார். அலை ஏறி நனைக்கிற மணல் பொதுச்சொத்து. எந்தக் கோடீசுவரனும் அதற்குப் பட்டா கேட்க முடியாது. அதனால் விவரமானவர்கள் கடலை விட்டுவிட்டுக் கடலுக்குப் போகிற பாதையை வாங்குகிறார்கள். சாமி வரம் கொடுத்துவிட்டது. பூசாரி வேலைக்கு ஆள் வேண்டாமா?

சன் மைக்ரோசிஸ்டம்ஸைத் தொடங்கியவர்களில் ஒருவரான வினோத் கோஸ்லா, ஹாஃப் மூன் பே ஊருக்குத் தெற்கே மார்ட்டின்ஸ் பீச்சை ஒட்டிய நிலத்தை 2008-இல் 3.25 கோடி டாலருக்குக் கிரயம் பண்ணினார். பாறைகளுக்கு நடுவே கிடக்கிற கரை அது. நெடுஞ்சாலையிலிருந்து இறங்க ஒரே ரோடு. முன்பு நிலத்தை வைத்திருந்த குடும்பம் வண்டிக்குச் சில்லறை வாங்கிக்கொண்டு ஊரையே உள்ளே விட்டது. கடை வைத்தது, கழிவறையும் கட்டிக் கொடுத்தது. மீன் பிடிப்பவர்கள், அலைச்சறுக்குக்காரர்கள், பிள்ளைகுட்டிகளோடு வருபவர்கள் எனப் பல தலைமுறை அங்கே கால் நனைத்தது. புது எஜமானர் வந்து கொஞ்ச காலத்தில் கதவுக்குப் பூட்டு விழுந்தது. அதைத் தாண்டிப் போன ஐந்து அலைச்சறுக்குக்காரர்களை 2012-இல் அத்துமீறல் என்று பிடித்தார்கள். பிறகு வழக்கைக் கைவிட்டார்கள்.

கடற்கரையைக் காக்க கலிபோர்னியா சட்டம் போட்டது 1976-இல். கோஸ்லா டெல்லி ஐஐடியில் பட்டம் வாங்கியதும் அதே 1976-இல்தான். நம்மூர் வரிப்பணம் போட்டுக் கொடுத்த பாதையில் ஏறிப் போனவர் அவர். அங்கே யாரும் கதவைப் பூட்டி வைத்திருக்கவில்லை.

கோஸ்லாவின் வக்கீல்கள் 1848-ஆம் ஆண்டு மெக்சிகோ ஒப்பந்தத்தைத் தூசு தட்டி எடுத்தார்கள். கலிபோர்னியா மாநிலம் பிறப்பதற்கு முந்தைய பட்டாவாம், பொதுமக்கள் உரிமை அதைத் தொடாதாம்! ஒரு கீழ்நீதிமன்றம் அதற்குத் தலையும் ஆட்டியது. 2016-இல் அரசு வழி கேட்டபோது கோஸ்லா சொன்ன விலை சுமார் 3 கோடி டாலர். மொத்த நிலத்தையும் வாங்கிய விலைக்கு ஒரு கொசுறுதான் குறைவு. கேட்டால் கொள்கைப் போராட்டம் என்றார்.

அதே கலிபோர்னியாவின் மாலிபு கரையில் இந்தக் கலை இன்னும் நுட்பம். வீட்டை விரிவாக்க அனுமதி வாங்க, ஹாலிவுட் கோடீசுவரர் டேவிட் கெஃபன் 1983-இல் கரைக்கு வழி விடுவதாக ஒப்புக்கொண்டார். வழி திறந்தது 2005-இல். அக்கம்பக்கத்தில் சிலர் கார் நுழையவே முடியாத பொய்க் கார்ஷெட் கதவுகளைச் சுவரில் பதித்தார்கள். கதவு இருந்தால் முன்னால் யாரும் வண்டி நிறுத்த முடியாது அல்லவா?

மார்ட்டின்ஸ் பீச் கதவை அனுமதியில்லாமல் மூடியது தப்பு என்று அலைச்சறுக்குக்காரர்களின் சர்ஃப்ரைடர் அமைப்பு போட்ட வழக்கில் கோஸ்லா தரப்பு தோற்றது. 2018 அக்டோபரில் உச்சநீதிமன்றமும் மேல்முறையீட்டை எடுக்க மறுத்தது. ஆனால் கதவைத் திறப்பது வேறு, நடைபாதைப் பாத்தியம் வேறு. அந்தப் பாத்தியத்துக்கான இன்னொரு வழக்கு 2019-இல் பொதுமக்களுக்கு எதிராக முடிந்தது. காரணம், முன்பு சில்லறை கொடுத்து உள்ளே போனார்களே, அதுதான். காசு கொடுத்தால் சொந்தக்காரரின் தயவில் வந்த வாடிக்கையாளர். கேட்காமல் நுழைந்திருந்தால் பாதைக்கு உரிமைக்காரர் ஆகியிருக்கலாம். 2020-இல் மாநில அரசு அமைப்புகளே அந்த உரிமையைக் கேட்டு வழக்குப் போட வேண்டியதாயிற்று.

ஆகவே கலிபோர்னியப் பெற்றோர்களே, நேர்மையாகச் சீட்டு வாங்கிக் கடலுக்குப் போய்க் குலத்தைக் கெடுக்காதீர்கள். பிள்ளைகளுக்கு இப்போதே வேலி தாண்டப் பழக்குங்கள். தாண்டும்போது ஒரு போட்டோ எடுத்துத் தேதி போட்டு வையுங்கள். பேரப்பிள்ளைகள் கோர்ட்டில் காட்ட உதவும்.