குயின்ஸ்லாந்து நெய்தலும் இரங்கலும்: வாடகை மோட்டார் ஹோம் குறித்த ஓர் அகப்பொருள் ஆய்வு

நெய்தல் திணைக்கு உரிப்பொருள் இரங்கல் என்பது தொல்காப்பியர் வகுத்தது. கடலோரத்தில் நின்று, தலைவன் வரவில்லையே என்று தலைவி வருந்துவதே இரங்கல் என்று பாடநூல்கள் நமக்குச் சொல்லிக்கொடுத்தன. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக் கடற்கரையில் மோட்டார் ஹோம் வாடகைக்கு எடுத்துப் போகும் தமிழ்க் குடும்பத்தை ஒருநாள் கவனித்தவர்கள் இவ்விளக்கம் போதாது என்பதை ஒப்புக்கொள்வார்கள். தலைவி இரங்குகிறாள், தலைவனோ எங்கும் போகவில்லை. இரண்டடி தள்ளி ஓட்டுநர் இருக்கையில்தான் இருக்கிறான்.

முதற்பொருளில் தொடங்குவோம். நிலம், பிரிஸ்பேனிலிருந்து கெய்ன்ஸ் வரை ஏறத்தாழ 1,700 கிலோமீட்டர் ஓடும் புரூஸ் நெடுஞ்சாலை. 1930களில் அம்மாநிலப் பொதுப்பணித் துறை அமைச்சராக இருந்த ஹென்றி ஆடம் புரூஸின் பெயர் அது. ராக்ஹாம்ப்டனில் மகர ரேகையைக் கடந்துவிட்டால் வெப்பமண்டலம். நெய்தலுக்குப் பெரும்பொழுது ஆறும் உரியவை என்பர் உரைகாரர். வாடகை நிறுவனத்தார் அந்த உரையைப் படித்தவர்கள் அல்லர். நவம்பர் முதல் மே வரை கடலில் நஞ்சுள்ள ஜெல்லி மீன் திரியும். கொட்டுப்பட்டவருக்கு ஊற்றுவதற்காகக் கரையோரக் கம்பங்களில் வினிகர் பாட்டில் வைத்திருப்பார்கள். மழையும் புயலும் வந்து நெடுஞ்சாலையே ஆங்காங்கே முழுகிப்போவதும் அப்பருவத்தில்தான். ஆகவே ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களே உகந்தவை. மெல்பர்ன் குளிருக்கு அஞ்சிய ஓய்வூதியர்களும் இதே முடிவுக்கு வந்து வடக்கே கிளம்பிவிடுவதால், அம்மாதங்களில் வாடகையும் ஏறிவிடுகிறது.

சிறுபொழுது எற்பாடு. பொழுது சாயும் அவ்வேளையில்தான் கங்காருக்கள் சாலைக்கு வருகின்றன. சில ஒப்பந்தங்கள் ஊர் எல்லைக்கு வெளியே இரவில் ஓட்டவே கூடாது என்கின்றன.

கருப்பொருளில் இவ்வாய்வாளருக்குக் கிடைத்த மகிழ்ச்சி கொஞ்சமன்று. நெய்தலின் விலங்காக நம் பள்ளிப் பாடநூல் தரும் முதலையும் சுறாவும் இங்கே குறைவின்றி உள்ளன. கிளாட்ஸ்டன் பக்கத்திலிருந்து வடக்கே எந்த ஆற்று முகத்திலும் முதலை எச்சரிக்கைப் பலகையைப் பார்க்கலாம். புன்னை மரம் வடக்குக் கடற்கரைகளில் தானாகவே வளர்கிறது. தாழையின் நெருங்கிய உறவும் மணல் மேட்டில் நிற்கிறது. தெய்வம் வருணன் என்பதற்கும் எழுத்துச் சான்று உண்டு: வண்டியை நீரில் இறக்கினால் காப்பீடு செல்லாது என்று ஒப்பந்தத்தில் தனியே எழுதிவிடுகிறார்கள். பல ஒப்பந்தங்களில் கூரைக்கும் அடிப்பாகத்துக்கும் சேதம் ஏற்பட்டாலும் கைவிரிப்புதான். வண்டியின் நடுப்பகுதியை மட்டும் இடித்துக்கொள்ளும் கலை ஓட்டுபவருக்குக் கைவர வேண்டும். எடை 4.5 டன்னுக்குள் இருந்தால் சாதாரணக் கார் உரிமமே போதும் என்பதால், நேற்றுவரை கொரோலா ஓட்டியவர் இன்று ஏழு மீட்டர் நீள வீட்டை ஓட்டுகிறார். சாலையின் இடப்பக்கம் ஓட்டுவது மட்டும்தான் நம்மூரிலிருந்து அவர் கொண்டுவந்த தகுதி.

இனி உரிப்பொருள். இரங்கல் இங்கே பல கட்டங்களில் நிகழ்கிறது.

முதல் இரங்கல் மின்சாரத்தால் வருவது. வண்டிக்குள் குளிர்சாதனம் உண்டு, மைக்ரோவேவ் உண்டு. கேரவன் பூங்காவின் மின்கம்பத்தில் வயரைச் செருகினால்தான் இரண்டும் உயிர்பெறும். மின்கலத்தை நம்பினால் விளக்கும் தண்ணீர் பம்பும் குளிர்பெட்டியும் மட்டுமே. அதனால் என்ன, டவுன்ஸ்வில் சித்தி வீட்டு வாசலில் நிறுத்தி அங்கே செருகிக்கொள்ளலாமே எனின், அற்றன்று. அவ்வயரின் பிளக் 15 ஆம்பியருக்கு உரியது. அதன் எர்த் பின் அகலம் கூடியது. வீட்டிலிருக்கும் 10 ஆம்பியர் சாக்கெட்டில் அது நுழையாது. சித்தி ஃபேனைக் கொண்டுவந்து தருவார்.

கடுகு தாளித்தவுடன் புகை எச்சரிக்கைக் கருவி அலறுவதும், சாப்பாட்டு மேசையே இரவில் கட்டிலாக மாறுவதால் சீக்கிரம் தூங்குபவருக்காக மற்றவர்கள் இரண்டாம் தோசையைத் துறப்பதும் சிறு இரங்கல்கள். அவற்றை விரிப்பிற் பெருகும்.

தலையாய இரங்கல் கழிவறைப் பெட்டியைப் பற்றியது. இவ்வண்டிகளின் கழிவறைக்கு அடியில் ஏறத்தாழ 18 லிட்டர் கொள்ளும் ஒரு பெட்டி இருக்கிறது. அதை வெளிப்பக்கச் சிறுகதவு வழியாக உருவி, சக்கரமிருந்தால் உருட்டி, இல்லையேல் சுமந்து, 'டம்ப் பாயின்ட்' எனப்படும் இடத்தில் கவிழ்த்து, அலசி, நீல மருந்து ஊற்றி மீண்டும் செருக வேண்டும். இது யார் கடமை? இலக்கண நூல்கள் இவ்விடத்தில் மௌனம். கள ஆய்வில் பின்வரும் வாதங்கள் கேட்கப்படுகின்றன. வண்டி ஓட்டியவர், "நான்தான் நாள் பூரா ஓட்டுறேனே" என்பார். சமைத்தவர், "நான் சமைக்கிறேன்ல, அதை நீங்க பாத்துக்கங்க" என்பார். பதினைந்து வயது மகன் காதில் இயர்ஃபோனை வைத்திருப்பான். அது பாட்டுக் கேட்பதற்காக அன்று என்பது எம் துணிபு. பெட்டி நிரம்பியதைக் காட்டும் சிவப்பு விளக்கு எரியும்வரை விவாதம் நீளும். அதன் பிறகு ஓட்டியவரே போவார். போகிற வழியில் பக்கத்து வண்டி ஓய்வூதியர் தம் பெட்டியைத் தள்ளிக்கொண்டு எதிரே வந்து, வானிலை பற்றிப் பேச நிற்பார். அவ்வூர் மரியாதைப்படி நாமும் நின்றாக வேண்டும்.

இதற்கு நம்மவர் கண்ட தீர்வு ஆய்வுலகின் கவனத்துக்குரியது. பயணத்தின் இரண்டாம் நாளே கழிவறையைப் பூட்டி, உள்ளே பத்துக் கிலோ பொன்னியரிசி மூட்டை, ஈரச் செருப்பு, வெங்காயப் பை ஆகியவற்றை அடுக்கிவிடுகிறார்கள். குளியலறையும் கழிவறையும் உள்ள வண்டி வேண்டும் என்று கூடுதல் பணம் கட்டி எடுத்தவர்களும் இவர்களே. பூங்காவின் பொதுக் கழிப்பறை சுத்தமானது, வெந்நீரும் வரும் என்பது அவர்கள் வாதம். பகலில் அது வலுவான வாதம்.

கோயம்புத்தூரிலிருந்து வந்திருக்கும் பாட்டி இரவு இரண்டு மணிக்கு எழுந்து, "கண்ணு, அந்தப் பலகையில முதலைன்னுதானே போட்டிருந்துச்சு?" என்று கேட்கும்போது அவ்வாதம் குலைந்துபோகிறது. அரிசி மூட்டை வெளியே வந்தாக வேண்டும். இருக்கும் ஒரே காலியிடம் ஓட்டுநர் படுத்திருக்கும் கட்டிலில் அவர் காலடி. அவர் எழுந்து, இதைக் கொண்டுவரச் சொன்னது யார் என்று கேட்பார். அக்கணத்தில் நெய்தல் நீங்கி, ஊடலை உரிப்பொருளாகக் கொண்ட மருதம் தொடங்குகிறது. அது இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது.