உறைக்கு ஓர் உரை

உள்ளே ஒன்று இருப்பதால்தான் அதற்கு உறை என்று பெயர் வந்தது என்பர் பொதுமக்கள். அது பொருந்தாது. போர்க்கப்பல் அஞ்சலுறைகளைச் சேகரிப்போர் ஏறக்குறைய நூறாண்டாக நிறுவிவரும் கொள்கை வேறு: உள்ளே ஒன்றும் இல்லாதபோதுதான் உறை தன் முழுப்பொருளைத் தருகிறது. அக்கொள்கையை நிலைநாட்ட எழுந்தது இக்கட்டுரை. ஆய்வு எல்லை, ஒரே ஓர் உறை.

மூலச்சான்று என் மேசைமேல், காபி டம்ளருக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறது. வலப்பக்க மூலையில் ஊதா நிறத்தில் மூன்று சென்ட் வாஷிங்டன் தலை. அதற்கு இடப்பக்கம் வட்ட முத்திரை. வட்டத்தின் விளிம்பில் ‘யு.எஸ்.எஸ். கான்ஸ்டிட்யூஷன்’ என்று கப்பலின் பெயர், நடுவில் தேதி, ஆண்டு 1933. வட்டத்திலிருந்து நான்கு கோடுகள் புறப்பட்டு வாஷிங்டன் முகத்தின் மேல் ஏறுகின்றன. கோடுகளுக்கு நடுவே பொடி எழுத்தில் ‘சான் டியாகோ, கலிஃபோர்னியா’. நாளைக் குறிக்கும் எண்ணில் மை பரவிவிட்டதால் 3 என்றும் 8 என்றும் பாடபேதம் உண்டு. 3 என்பதே என் துணிபு. காரணம் கேட்போர்க்கு: நான்தான் காசு கொடுத்தவன்.

பெறுநர் முகவரி பென்சிலால் எழுதி, பின் ரப்பரால் அழிக்கப்பட்டிருக்கிறது. விளக்குக்குச் சாய்த்துப் பிடித்தால் ஒரே ஒரு எழுத்தின் தடம் மட்டும் பள்ளமாகத் தெரியும்.

என் மாமனார் இதை எடுத்து, மொய்க்கவரைப் பார்ப்பதுபோல் விரலால் நெருடி, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

“நோட்டு இல்லையே மாப்பிள்ளை, அட்டையில்ல இருக்கு?”

“அட்டைதாங்க மாமா.”

“இதுக்கு எவ்வளவு குடுத்தீங்க?”

கடைசிக் கேள்வி ஆய்வு எல்லைக்கு அப்பாற்பட்டது என்பதால் விடையளிக்கப்படவில்லை. அட்டை இருப்பதற்குக் காரணம் உண்டு: முத்திரை மேடுபள்ளமின்றி விழவேண்டும், வழியில் உறை மடங்கக் கூடாது.

இனி இதன் இலக்கணம். சேகரிப்பவர் தன் முகவரியைத் தானே எழுதித் தபால்தலை ஒட்டிய உறையை இன்னொரு உறைக்குள் வைத்து, கப்பலின் தபால் குமாஸ்தாவுக்கு அனுப்புவார். குமாஸ்தா முத்திரை குத்தித் திருப்பி அனுப்புவார். அனுப்பியவரும் பெறுபவரும் ஒருவரே; செய்தி கிடையாது; வந்து சேர்ந்ததும் முகவரியும் அழிக்கப்படும். தோன்றா எழுவாய் தமிழுக்குப் பழக்கம்தான். தோன்றாச் செய்தி, அழிந்த பெறுநர், இடையில் ஒரு போர்க்கப்பல் என்ற அமைப்பை நம் இலக்கணிகள் கண்டதில்லை.

கப்பலைப் பற்றிச் சொல்லாவிட்டால் ஆய்வு நிறையாது. கான்ஸ்டிட்யூஷன் 1797-இல் பாஸ்டனில் வெள்ளோட்டம் விடப்பட்ட பாய்மரப் போர்க்கப்பல். 1812-இல் மூண்ட போரில் பிரிட்டிஷ் குண்டுகள் அதன் பக்கப் பலகையில் பட்டுத் தெறித்ததால், மரக்கப்பலாகிய அதற்கு இரும்பின் பெயரால் ஒரு செல்லப்பெயர் கிடைத்தது. 1931 ஜூலையில் அதை அமெரிக்காவின் இரு கரைகளுக்கும் சுற்றுலா கொண்டுபோனார்கள். தானாகப் பாய்விரித்துப் போகவில்லை. கிரீப் என்ற கண்ணிவாரிக் கப்பல் கட்டி இழுத்துப்போனது. 1934 மே மாதம் திரும்பி வருவதற்குள் 46 லட்சம் பேருக்குமேல் ஏறிப் பார்த்துவிட்டார்கள். ஒவ்வொரு துறைமுகத்திலும் கோடுகளுக்கு நடுவே ஊர்ப்பெயரை மாற்றி மாற்றி முத்திரை குத்தினார் குமாஸ்தா. தபால்தலையை மறுபடி பயன்படுத்த முடியாமல் ‘கொல்வதால்’ அந்தக் கோடுகளுக்குக் ‘கில்லர்’ என்றே பெயர். பீரங்கி ஓய்ந்த கிழக்கப்பல் அந்த மூன்றாண்டில் கொன்றதெல்லாம் வாஷிங்டன் தலைகளைத்தான்.

வகைப்பாடு இல்லாமல் ஆய்வு ஏது? டாக்டர் லோசி என்பவர் வகுத்த முறையே இன்றும் இத்துறையின் நன்னூல். முத்திரையின் வடிவத்துக்கு எண், உட்பிரிவுக்கு எழுத்து. நான்கு கோடுகளுக்கு இடையே மூன்று இடைவெளி அல்லவா? எதில் எழுத்து இருக்கிறது, எது காலி என்பதற்கும் தனிக் குறியீடு. நமக்கு நேர், நிரை. அவர்களுக்கு எழுத்து, காலி. காலி-காலி-எழுத்து என்று ஒருவர் சொன்னால் எதிரில் இருப்பவர் கண்ணை மூடித் தலையாட்டுவார்.

வரலாறு சுருக்கமானது. அமெரிக்கக் கடற்படைக் கப்பல்களில் தபால் நிலையம் வைக்க 1908-இல் சட்டம் வந்தது. சேகரிப்போருக்கென்று ஒரு சங்கம் 1932-இல் தோன்றியது. அடுத்த ஆண்டு அதிபரான ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் முன்பு கடற்படையின் துணைச் செயலராக இருந்தவர், தபால்தலைப் பைத்தியமும்கூட, பிறகு கேட்பானேன்.

இவ்விடத்தில் சென்னைவாசி ஒருவர் எழுந்து, “எம்டனை விட்டுவிட்டீரே” என்பார். விடவில்லை. 1914 செப்டம்பர் 22 இரவு துறைமுகத்துக்கு எதிரே வந்து பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டு மறைந்த அந்த ஜெர்மன் கப்பலின் பெயர், தமிழில் கமுக்கமாகக் காரியம் முடிக்கும் ஆளுக்கு அடைமொழியாகிவிட்டது. கெய்சர் காலத்து ஜெர்மன் கப்பல் முத்திரைகளில் கப்பலின் பெயர் இருக்காது. ‘மரீனே ஷிஃப்ஸ்போஸ்ட்’ என்று போட்டுப் பக்கத்தில் ஓர் எண், அவ்வளவுதான். எந்த எண் எந்தக் கப்பல் என்பதைப் பட்டியல் வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். எனவே எம்டன் தபாலிலும் எம்டனாகவே இருந்தது என்பது பெறப்படும்.

பெயர் பொறித்துப் பெருமைப்பட்ட அமெரிக்கரும் போர் வந்ததும் அந்த வழிக்கே வந்தார்கள். இரண்டாம் உலகப்போரில் முத்திரைகளிலிருந்து கப்பல் பெயர் நீக்கப்பட்டு, ‘யு.எஸ். நேவி’ என்பது மட்டும் மிஞ்சியது. அதற்கு முன்பே, 1941 டிசம்பர் 7 ஞாயிறு காலை, பேர்ல் துறைமுகத்தில் அரிசோனா என்ற போர்க்கப்பல் 1,177 பேரோடு மூழ்கியிருந்தது. அமைதிக்காலத்தில் அக்கப்பலிலிருந்து வந்த சாதாரண உறைகளே இன்று பிற கப்பல்களுடையதைவிட விலை கூடியவை. அந்த ஞாயிறு தேதியிட்ட அரிசோனா முத்திரை என்று கள்ள முத்திரை குத்தி விற்றவர்களும் உண்டு. போலி ஆய்வுக்கே கூசும் போலி அது. அதை வகைப்படுத்த நான் முற்படவில்லை.

இனி உறை அனுப்பப் போகிறவர்களுக்கு: முகவரியைப் பென்சிலால், அழுத்தாமல் எழுதுங்கள். அட்டையை மறக்காதீர்கள். குமாஸ்தாவுக்குத் தனித் தாளில் மரியாதையாக நாலு வரி எழுதி வையுங்கள். ஒரு கப்பலுக்கு இரண்டு உறைக்குமேல் அனுப்ப வேண்டாம். அவர்களுக்கு வேறு வேலையும் இருக்கிறது.