உள்ளங்கால் மச்சத்தைப் போற்றி வளர்ப்பது எப்படி?

முதலில் மனதில் ஒன்றை உறுதியாகப் பதித்துக்கொள்ளுங்கள்: தோல் புற்றுநோய் வெள்ளைக்காரர்களுக்குத்தான் வரும். நம் தோலுக்கு மெலனின் குடை பிடிக்கிறது. இது பாதி உண்மை. மீதிப் பாதியைப் படித்துவிடாதீர்கள்: கறுத்த தோலில் மெலனோமா என்ற தோல் புற்று வந்தால், பெரும்பாலும் வெயிலே படாத உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடியில்தான் வரும்.

உள்ளங்காலில் புதிதாகக் கரும்புள்ளி தெரிந்தால் மச்ச சாஸ்திரத்தைப் புரட்டுங்கள். வெளிநாட்டு யோகம் என்று போட்டிருக்கும். புள்ளியின் ஒரு பாதி மறுபாதியோடு பொருந்தவில்லையா? ஓரம் கோணல்மாணலாக இருக்கிறதா? பழுப்பு, கறுப்பு, நீலம் கலந்து கிடக்கிறதா? 6 மில்லிமீட்டரைத் தாண்டி இன்னும் பரவுகிறதா? டாக்டரிடம் போனால் பயமுறுத்துவார். யோகம் வளர்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

நகத்தடியில் கறுப்புக் கோடு விழுந்தால், 'நிலைப்படியில இடிச்சுக்கிட்டேன்' என்று சொல்லிவிட்டு மருதாணி வையுங்கள். இடித்த ரத்தக்கட்டு நகம் வளர வளர முன்னால் நகர்ந்து வெளியே போய்விடும். மெலனோமாக் கோடு போகாது. அகலமாகும், நகத்தைத் தாண்டிப் பக்கத்துத் தோலிலும் இறங்கும். அதையெல்லாம் யார் பார்க்கப் போகிறார்கள்! பாடகர் பாப் மார்லியின் கால் பெருவிரலில் 1977இல் வந்த மெலனோமாவையும் முதலில் பந்தாட்டக் காயம் என்றுதான் நினைத்தார்கள். விரலை எடுக்கச் சொன்னபோது அவர் சம்மதிக்கவில்லை. 1981 மே மாதம், 36 வயதில் போய்விட்டார்.

புள்ளி புண்ணாகிக் கசிந்தால் சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்துப் பூசுங்கள். ஆறாத பழைய தீக்காயத் தழும்பில் சதை தடித்து வந்தாலும் இதே வைத்தியம்தான். அது வேறு வகைப் புற்றாக இருக்கலாம், இருக்கட்டும்.

யாராவது உங்களை இழுத்துக்கொண்டு போய் டாக்டர் முன் உட்காரவைத்து, அவர் பயாப்சி என்று வாயெடுத்தால், 'கத்தி பட்டா பரவிடும்' என்று உரக்கச் சொல்லிவிட்டு எழுந்துவிடுங்கள். உட்கார்ந்திருந்தால் ஆபத்து. மெலனோமாவின் ஆழத்தை அளப்பார்கள். 1 மில்லிமீட்டருக்குள் இருந்தால், சுற்றிலும் ஒரு சென்டிமீட்டர் நல்ல தோலோடு வெட்டியெடுத்து, அநேகமாக அன்று மாலையே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாகப் பார்க்க வரும் சொந்தக்காரர்கள் ஏமாந்துபோவார்கள்.

பொறுமை காத்தால் தொடையிடுக்கில் நெறி கட்டும். பிறகு ஸ்கேன், பெரிய ஆபரேஷன், மூன்று வாரத்துக்கு ஒருமுறை நரம்பு வழியே ஏற்றும் இம்யூனோதெரபி. நல்ல மருந்துதான், ஆனால் எல்லாருக்கும் கேட்பதில்லை; பில் லட்சக்கணக்கில் வரும். நிலம் விற்க நாணயமான தரகர் ஒருவரை இப்போதே பார்த்து வையுங்கள்.