காவலுக்குக் காவல்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் காவல் படைகளுக்கென்று தணிக்கைக் குழுக்கள் உண்டு. திருடனைப் பிடிப்பது இவர்கள் வேலையல்ல. பிடிப்பவர்களின் கோப்பு ஒழுங்காக இருக்கிறதா என்று பார்ப்பதுதான். ஏப்ரலில் நிதியாண்டு பிறக்கும் முன்பே ஆண்டுத் திட்டம் தயாராகிவிடும்: இந்தக் கூட்டத்தில் உள்தணிக்கை, அடுத்ததில் கணக்கறிக்கை, எல்லாக் கூட்டத்திலும் இடர்ப் பதிவேடு. பதிவேட்டில் ஓர் இடரின் நிறம் சிவப்பிலிருந்து மஞ்சளாக மாறினால் அறை முழுக்க நிம்மதி. தெருவில் என்ன மாறியது என்பது குழுவின் வரம்பில் வராது. ஆலோசனை சொல்லலாம், உத்தரவு போட முடியாது.

ஆலோசனை யாருக்கு? படைத் தலைவருக்கும், படையை மேற்பார்க்க மக்கள் தேர்ந்தெடுத்த ஆணையருக்கும். மக்கள் என்றால், 2012 நவம்பரில் நடந்த முதல் தேர்தலில் வாக்களித்தவர்கள் சுமார் 15 சதவீதம். வேல்ஸின் நியூபோர்ட்டில் ஒரு வாக்குச்சாவடிக்கு ஒருவர்கூட வரவில்லை. அந்தப் பெட்டியின் கணக்கு மட்டும் எந்தத் தணிக்கைக்கும் பைசா சுத்தமாக நின்றிருக்கும்.

இப்போது 2028-இல் ஆணையர் பதவியையே ஒழிக்கப் போவதாக அரசு அறிவித்துவிட்டது. குழுக்கள் அதையும் இடர்ப் பதிவேட்டில் ஏற்றியிருக்கும். என்ன நிறம் என்பதை மட்டும் அடுத்த காலாண்டுக்கு ஒத்திவைத்திருப்பார்கள்.